பறவை இரை தேடுவதை எழுத உதவும் அகராதி: தமிழ் லெக்சிகன், இணையப் பதிப்பு

திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவை காட்டுகிறவர்களுக்கும், பறவைகளைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத நினைக்கிறவர்களுக்கும்தான் இந்த மதிப்புரை. மற்றவர்களுக்கும் பயன்படலாம், ஆனால் என் மனதில் இருப்பது இவர்கள்தான்.

நம்மிடம் இருக்கும் பறவைக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். கூழைக்கடா உணவைத் தேடி உண்கிறது, கரண்டிவாயனும் உணவைத் தேடி உண்கிறது, வரித்தலை வாத்தும் அதேதான். ஒவ்வொரு பறவைக்கும் அலகு ஏன் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது என்ற முழுக் கதையும் அது எப்படி இரை எடுக்கிறது என்பதில்தான் இருக்கிறது, அதை ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டால் பிள்ளை எதைப் பார்க்கும்? இதற்குப் பெரிய காரணம், ஆங்கிலக் குறிப்புகளில் வரும் ‘ஃபோரேஜ்’ என்ற ஒரே சொல். போனில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் அதைப் போட்டால் எனக்கு வந்தது ‘தீவனம்’. அது தப்பும் இல்லை. அந்தச் சொல் பிறந்ததே வைக்கோல், மாட்டுத் தீனி என்ற பொருளில்தான். படையோடு போகிற குதிரைகளுக்குத் தீனி தேடி வீரர்கள் ஊர் ஊராக அலைந்ததில் இருந்துதான் ‘இரை தேடி அலைவது’ என்ற பொருள் வந்து சேர்ந்தது. ஆனால் நாரை குளத்தில் தீவனம் செய்கிறது என்று எழுத முடியாது இல்லையா.

சரி, அகராதிக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், 1924இல் தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு அனுபந்தம் ஒன்றும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1926இல் இருந்து அதன் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தவர் வையாபுரிப் பிள்ளை. நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர், வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தவர். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு இந்த அகராதி முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதிகள் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது, தமிழ் எழுத்திலேயே தட்டித் தேடலாம்.

இதன் பலம் எங்கே என்றால் வினைச்சொற்களில். ‘மேய்’ என்று தேடினால் மேய்தல் தனி, மேய்த்தல் தனி என்று பிரித்து வைத்திருக்கும். ஆடு மேய்வது ஒன்று, ஆட்டை மேய்ப்பது இன்னொன்று. கூரை வேய்வதையும் மேய்தல் என்றுதானே சொல்கிறோம், அதற்கும் அங்கே இடம் உண்டு. ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் சொல்லி, பழைய பாட்டில் எங்கே வந்திருக்கிறது என்ற குறிப்பும் கொடுக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குப் போனால் அங்கே ஒரு உலகமே இருக்கிறது. குறுந்தொகை 113ஆம் பாட்டில் ‘இரைதேர் வெண்குருகு’, அதாவது இரை தேடுகிற வெள்ளைக் கொக்கு, வருகிறது, அதைத் தவிர வேறு யாரும் அந்தப் பொழில் பக்கம் வருவதில்லை என்று தோழி சொல்கிற பாட்டு. புறநானூறு 67இல் அன்னம் குமரித் துறையில் அயிரை மீனை ‘மாந்தி’ வடக்கே போகிறது. தேடுவதைச் சொல்லும் தேர்தல், உண்பதைச் சொல்லும் மாந்துதல், இந்த இரண்டு சொல்லையும் ஒரு பறவைக் குறிப்பில் நான் இன்றைக்கும் தயங்காமல் எழுதுவேன், பிள்ளைகளுக்குப் புரியும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, தலைச்சொல்லில் மட்டும் தேடாமல் உள்ளே இருக்கும் விளக்கத்திலும் தேடலாம் என்பது. மேய்தலுக்கோ கொத்துதலுக்கோ உள்ள ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், விளக்கத்தில் அந்தச் சொல் வருகிற தமிழ்ச் சொற்கள் எல்லாம் வரிசையாக வரும். பாதி தேவைப்படாது, பரவாயில்லை. அங்கே ஒரு சொல் பிடித்து, அதன் தமிழ் விளக்கத்தில் இருக்கும் அடுத்த சொல்லைப் பிடித்து, அப்படியே போகலாம்.

ஆனால் ஒன்று. ஒரே பொருள் தரும் சொற்கள் என்று கிடைப்பதை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு எழுதாதீர்கள். குளத்தங்கரையில் நின்று பாருங்கள். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து நம்ம வயல்காட்டில் புல்லை மேய்கிறது, அதற்கு மேய்தல்தான் சொல். கரண்டிவாயன் பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டுத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வீசிக்கொண்டே நடக்கிறது, கஞ்சிப் பானையில் அகப்பை போட்ட மாதிரி, அது துழாவுதல். மஞ்சள் மூக்கு நாரைக்கும் துழாவுதல் பொருந்தும், கண்ணால் பார்த்து மட்டும் அது மீன் பிடிப்பதில்லை, அலகில் மீன் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்கிறது. கூழைக்கடாவுக்குத் துழாவுதல் சரிப்படாது, அது பையோடு அள்ளுகிறது. நீர்க்காகம் முங்கிப் பிடிக்கிறது. அசையாமல் நிற்கும் கொக்கைப் பார்த்து என்னோடு வந்த ஒரு பையன் “ஏல, பம்முதுல” என்றான், அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை, அப்படியே எழுதிக்கொண்டேன். இத்தனைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் ‘இரை தேடுதல்’ போதும், அதைத் தலைப்பில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வினைகளை எழுதுங்கள்.

குறை என்று பார்த்தால் இது அகர வரிசை அகராதி, ஒரே பொருளுள்ள சொற்களைக் கூட்டமாக வைத்துக் காட்டாது. அதற்குச் சொற்களைப் பொருள்வாரியாகப் பாட்டில் தொகுத்த பழைய நிகண்டுகள்தான், இல்லையென்றால் 1732இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதி. இன்றைக்குப் புழங்குகிற சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டுமானால் 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியா அகராதி நல்லது, லெக்சிகன் அந்த வேலைக்கு இல்லை. அப்புறம், நம்ம பக்கத்துப் பேச்சு. கோழி குப்பையைச் சீய்க்கிறது, ஆட்டுக்குக் கொழை (இலை தழை) ஒடிக்கிறார்கள், அறுப்பு முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வாத்து மேய்க்கிறார்கள், சிந்திய கதிரைப் பொறுக்குகிறார்கள். இதையெல்லாம் எந்த அகராதியையும் நம்பாமல் ஆள்களிடம் கேட்டு எழுதுவதுதான் சரி. தாமிரபரணிப் பாசனத்து வயல் ஓரம் நின்று ஒரு வாத்துக்காரரிடம் பேசினால், வாத்து எப்போது சேற்றில் முங்கும், எப்போது நத்தை தேடும் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார், அந்தச் சொற்களைக் குறித்து வையுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கக் குறியீடுகள் கொஞ்சம் மிரட்டும். நூல் பெயர்களின் சுருக்கப் பட்டியலைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பழகிவிடும். பள்ளி ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய தளம். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரை குறைவது அந்தச் சுருக்கங்களுக்காக மட்டும்தான்.