வர்ஜீனியா திட்டமா, நியூ ஜெர்சி திட்டமா?

1787 கோடையில், அமெரிக்க அரசியலமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் இரண்டு திட்டங்கள் மோதின. மே 29 அன்று எட்மண்ட் ராண்டால்ஃப் முன்வைத்த வர்ஜீனியா திட்டத்தில் வர்ஜீனியா பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசனின் கை அதிகம். இரண்டு அவைகள், இரண்டிலும் மக்கள்தொகை அல்லது செலுத்தும் வரிப்பங்கைப் பொறுத்து இடங்கள்.

சரி, டெலவேர் போன்ற சின்ன மாநிலம் என்ன செய்யும்? ஜூன் 15 அன்று வில்லியம் பேட்டர்சன் நியூ ஜெர்சி திட்டத்தைக் கொண்டுவந்தார். அதுவரை மாநிலங்களை இணைத்திருந்த பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தினால் போதும் என்றது அது. ஒரே அவை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு.

இதைச் சிறிய மாநிலங்களின் பிடிவாதம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமே இல்லை. இறக்குமதி வரி விதிக்கும் உரிமையைக் காங்கிரசுக்கு, அதாவது தேசிய சட்டமன்றத்துக்கு, தர முன்வந்த திட்டம் இது. காங்கிரசின் சட்டமே மேலானது, மாநில நீதிபதிகளும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற கருத்து இதிலிருந்துதான் அரசியலமைப்புக்குள் போனது.

இருந்தாலும் என் ஓட்டு வர்ஜீனியாவுக்கே. ஆட்சிக்கு அடிப்படை மாநில எல்லை அல்ல, மனிதர்கள்தான்.

ஜூலை 16 சமரசம் இரண்டையும் இணைத்தது: கீழவையில் மக்கள்தொகைப்படி இடங்கள், மேலவையான செனட்டில் மாநிலங்களுக்குச் சம இடங்கள். ஆனால் அந்தக் கணக்கில் அடிமைகள் ஐந்து பேர் மூன்று பேராக எண்ணப்பட்டார்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. கூடுதல் இடங்கள் அவர்களை அடிமைப்படுத்திய மாநிலங்களுக்குப் போயின.