கொடைக்கானலுக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள்

மே மாத லீவுக்குத் திருச்சியிலிருந்து குடும்பமாகக் கொடைக்கானல் போனோம். குடும்பம் என்றால் என் வீட்டுக்காரரின் அப்பாயி, மாமா, அத்தை, நாத்தனார் வீட்டு ஆட்கள், நாங்கள், கைக்குழந்தை முதல் பத்தாவது எழுதிய பெண் வரை பிள்ளைகள், அத்தனை பேரும். ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடும் ஒரு ஏஜென்ட், வண்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று பேசினார்.

நான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, அப்பாயிக்கு முழங்கால் முடியாது, தரைத்தளத்தில் ரூம் வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், ஏரிக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான். "அக்கா, நம்ம காட்டேஜ்தான், எல்லாம் இருக்கு, கண்ண மூடிக்கிட்டு வாங்க" என்றார். பாதிப் பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

கிளம்புகிற அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. பதினேழு சீட் டெம்போ டிராவலர் என்று பேச்சு, வந்தது பன்னிரண்டு சீட், நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல். அதுவும் வெள்ளை போர்டு. "வழியில யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்க வண்டின்னு சொல்லிருங்கம்மா" என்று டிரைவர் சொன்னபோதுதான் என் வீட்டுக்காரர் முகம் மாறியது. வாடகைக்கு ஓட வேண்டியது மஞ்சள் போர்டு வண்டிதான். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டு ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கலாம். இறங்கிவிடலாம் என்றார், ஆனால் அப்பாயியை அப்போதுதான் இரண்டு பேர் தூக்கி ஏற்றி உட்கார வைத்திருந்தோம், பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், யார் இறங்குவது? வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நாத்தனார் மகன் ஸ்டூலோடு சேர்ந்து நகர்ந்தான்.

இ-பாஸ் எடுத்துத் தர என்று ஏஜென்ட் தனியாகக் காசு வாங்கியிருந்தார். ஐகோர்ட் உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், சரி, ஆனால் அது அரசுத் தளத்தில் இலவசம், போன் நம்பர் இருந்தால் நாமே எடுத்துக்கொள்ளலாம். சின்னத் தொகைதான், எரிச்சல் பெரிது.

பெரிய வேலை காட்டேஜில். ஊரைத் தாண்டி எங்கோ ஒரு சரிவு, ஏரி வாசனைகூட இல்லை. இருட்டிவிட்டது, நல்ல குளிர். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒற்றை மாடி போலத்தான் தெரிகிறது. மலையில் கட்டிடம் ரோட்டுக்குக் கீழேயும் இறங்கும் என்பது சமவெளிக்காரர்களுக்குச் சட்டென்று தோன்றாது. ரோட்டு மட்டத்தில் இருப்பது மேல்மாடி, தரைத்தளம் அடியில், நாற்பது படிக்கு மேல் இறங்க வேண்டும், கைப்பிடி கிடையாது, பாதிப் படியில் பாசி. போன் போட்டுக் கேட்டால், "தரைத்தளம்தானே கேட்டீங்க, அதைத்தான் குடுத்திருக்கேன்" என்கிறார்! மேல் ரூமை வேறு யாருக்கோ கொடுத்தாயிற்றாம். அப்பாயியை நாற்காலியில் உட்கார வைத்து, என் வீட்டுக்காரரும் நாத்தனார் வீட்டுக்காரரும் முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு, நான் செல்போன் டார்ச் அடிக்க, ஒவ்வொரு படியாக இறக்கினோம். அந்தக் கிழவி வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. உள்ளே போனால் இந்தியன் டாய்லெட். மிச்சப் பணம் முழுதும் வந்தால்தான் சாவி என்று வாட்ச்மேன் நின்றுகொண்டார். மாமாவுக்குச் சுகர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பத்தரை மணிக்குக் காய்ந்த பரோட்டா வந்தது.

இவர்கள் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது என்பது என் முடிவு. நாலு பையன்கள் பைக்கில் போனால் இப்படிச் செய்ய மாட்டார்கள், அவர்கள் சண்டை போட்டுவிட்டு அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார்கள். மே மாதம், ராத்திரி, வண்டிக்குள் ஒரு கிழவியும் கைக்குழந்தையும் இருந்தால் நாம் எங்கேயும் நகர மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் புக் செய்யும்போதே "பெரியவங்க எத்தனை பேரு" என்று அவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்கள்.

பெரியவர்களோடு போகிறவர்கள் தரைத்தளம் என்று கேட்காதீர்கள், வண்டி நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று கேளுங்கள். அந்த வழியையும் பாத்ரூமையும் வீடியோ காலில் நடந்து காட்டச் சொல்லுங்கள். போட்டோ அனுப்புகிறேன் என்றால் வேண்டாம். வண்டி நம்பரை முதல் நாளே வாங்கி, போர்டு என்ன நிறம் என்று பாருங்கள். பேசியதையெல்லாம் வாட்ஸாப்பில் எழுத்தில் வாங்குங்கள், எங்களிடம் வாய்ஸ் மெசேஜ் இருந்ததால் இப்போது கொஞ்சம் பிடி இருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். அதற்காகக் கொடைக்கானல் வரை அலைய வேண்டாம், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஏஜென்ட் எங்கள் எல்லாருடைய நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். ஃபேஸ்புக் பக்கத்தின் பெயரையும் மாற்றிவிட்டார், ஆனால் சிவப்பு ஓடு போட்ட, பின்னால் ஏரி தெரிகிற அதே காட்டேஜ் போட்டோதான் இன்னும் முகப்பில் இருக்கிறது. நாங்கள் தங்கியது ஆஸ்பெஸ்டாஸ் கூரை.