பழைய காரின் சீட் பெல்ட் சுருளவில்லையா: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கலாமா, சிலிக்கான் ஸ்ப்ரே வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுக்கைக் கரைத்தெடுக்கும் அந்த ஆல்கஹால் பாட்டிலை வாங்குங்கள். வழுக்கலுக்காக அடிக்கும் ஸ்ப்ரே இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

எங்கள் கார் பதினைந்து வயதைத் தாண்டியது, சென்னை வெயிலிலும் வியர்வையிலுமே ஓடியது. டிரைவர் பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டால் பாதி தூரம் போய் நின்றுவிடும், மீதியைக் கையால்தான் உள்ளே தள்ள வேண்டும். அவசரத்தில் கதவைச் சாத்தினால் பக்கிளில் மாட்டும் இரும்பு நாக்கு இடுக்கில் சிக்கி பெயிண்ட்டைப் பெயர்க்கும், பட்டையின் ஓரமும் நசுங்கும். அதைவிடப் பெரிய விஷயம், மாட்டியிருக்கும்போதே பெல்ட் மார்போடு படியாமல் தொளதொளவென்று கிடப்பது. மோதும் நேரத்தில் அந்தத் தொய்வு தீரும்வரை உடம்பு முன்னால் போகும், அதற்கப்புறம்தான் பெல்ட் பிடிக்கும். அதனால்தான் இதை "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட எனக்கு மனசு வரவில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள், பெல்ட்டை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. தோளுக்கு மேலே தூணில் பெல்ட் நுழைந்து வரும் வளையம் இருக்கிறது இல்லையா, அதற்கும் கீழே தூணுக்குள் இருக்கும் சுருளுக்கும் நடுவில் பட்டையைப் பிடித்து ஒரு முழம் இழுத்து விடுங்கள். சுருள் அதைச் சட்டென்று விழுங்கினால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கிறது, கோளாறு மேலே வளையத்தில்தான். அங்கேயும் சோம்பலாகப் போனால் சுருளிலேயே பிரச்சினை, அப்போது இந்த இரண்டு பொருளும் உங்களுக்கு உதவாது. பழைய கார்களில் பெரும்பாலும் வளையம்தான் காரணம். கழுத்து வியர்வை, தலை எண்ணெய், ரோட்டுத் தூசி எல்லாம் பட்டையோடு வந்து அந்த வளையத்தின் உள்பக்கத்தில் மெழுகு மாதிரி படிந்துவிடுகிறது. சுருளுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வேண்டுமென்றே மென்மையாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் நாள் முழுக்கத் தோளை அழுத்தும். அந்தச் சின்ன விசைக்கு இந்தப் பிசுக்கே பெரிய பிரேக்.

சரி, ஆல்கஹாலுக்கு வருவோம். எலக்ட்ரானிக்ஸ் பொருட்கள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், அரை லிட்டர் பாட்டில் பல வருஷம் வரும். பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, திரும்ப ஓடிவிடாமல் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பேப்பர் கிளிப் போட்டுவிடுங்கள். பழைய பனியன் துணியை ஒல்லியாகக் கிழித்து ஆல்கஹாலில் நனைத்து, வளையத்துக்குள் நுழைத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துத் தேயுங்கள். முதல் துணி தார் தொட்டது போலக் கறுப்பாக வந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் பழுப்பு நிறத்தில் உருண்டு வந்தது அழுக்கு. துணி சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றித் தேய்த்த பிறகு வளையம் வழுவழுவென்று ஆகிவிட்டது. ஆல்கஹால் உடனே ஆவியாகிவிடுவதால் எண்ணெய்ப் பசை எதுவும் மிச்சமில்லை, மறுபடி தூசி ஒட்டுவதற்கு அங்கே எதுவும் கிடையாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஒரு எச்சரிக்கை: சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், நாலு கதவையும் திறந்து வைத்து நிழலில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

பட்டைக்கு ஆல்கஹால் வேண்டாம். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் மென்மையான ஷாம்புவும் போதும், நீளவாக்கில் பிரஷ்ஷால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் கிளிப்போடு காய விடுங்கள். ஈரத்தோடு உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும், நாற்றமும் வரும். ப்ளீச், சாயம், பெட்ரோல் எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது, நூல் பலம் போய்விடும். பல காரில் வளையத்திடம் பட்டை ஒரு பக்கமாக முறுக்கி மடிந்து கிடக்கும், அதையும் இப்போதே நேராக்கிவிடுங்கள்.

அடுத்து சிலிக்கான் ஸ்ப்ரே. ஆன்லைனில் எல்லோரும் இதைத்தான் பட்டையில் நேரடியாக அடிக்கச் சொல்கிறார்கள். அடித்த நிமிஷம் பெல்ட் சர்ரென்று ஓடும், உண்மைதான். ஆனால் அழுக்கு அப்படியே அடியில் இருக்கிறது, மேலே ஒரு வழுக்கல் பூச்சு மட்டும்தான், கொஞ்ச நாளில் அது தேய்ந்ததும் பழைய கதைதான். சாரல் கண்ணாடியிலும் ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் படியும், சட்டையிலும் ஒட்டும். நான் துணியில் கொஞ்சமாக அடித்து, சுத்தம் செய்த வளையத்தின் உள்பக்கத்தில் மட்டும் தடவினேன். அந்த அளவுக்கு நல்ல பொருள். தூணுக்குள் இருக்கும் சுருளில் மட்டும் எதையும் அடிக்காதீர்கள். அங்கே ஒரு சின்ன குண்டோ பெண்டுலமோ அசைந்துதான் பிரேக் போடும்போது பெல்ட்டைப் பூட்டுகிறது, எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் அதுவே மாட்டிக்கொள்ளும்.

சுருளே பழுது என்றால் அதைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். ஓரத்து பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் சுருள் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் கையைக் கிழிக்கும், திரும்பச் சுற்றுவது லேசில் நடக்காது. ஏர்பேக் உள்ள கார்களில் பெல்ட்டை இறுக்கும் சின்ன வெடிமருந்தும் அங்கேயே இருக்கலாம், போல்ட்டைக் கூடத் தொடாமல் தெரிந்தவர்களிடம் விடுங்கள். சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய பெல்ட் செட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது வந்த கார் எங்கே மோதியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மோதலில் ஒருமுறை இழுபட்ட பெல்ட் மறுமுறை காப்பாற்றும் என்று நம்ப முடியாது. ஓரம் நைந்த பட்டைக்கும் இதே பேச்சு, சுத்தம் செய்யாமல் புதிதாக மாற்றுங்கள். பெல்ட் போடாவிட்டால் அபராதம் 1000 ரூபாய், அந்தக் காசில் ஆல்கஹாலும் ஸ்ப்ரேயும் சேர்த்து வாங்கி மிச்சமும் இருக்கும்.

ஆல்கஹாலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், ஸ்ப்ரேக்கு மூன்று. இப்போது பெல்ட்டை விட்டதும் தானாகவே கடைசி வரை போகிறது. இடதுபக்கம் அவ்வளவாக யாரும் உட்காராததால் அங்கே ஒரு துணியிலேயே வேலை முடிந்தது. வேலை செய்தால் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்துவிடுங்கள், பாட்டிலில் தாராளமாக மிச்சமிருக்கும்.