பேனாவும் ஸ்டைலஸும் ஒரே உடம்பில்: ரப்பர் கடையில் சில வருடப் பழக்கம்

ஒரு முனையில் மை, மறுமுனையில் தொடுதிரையைத் தொட ஒரு கறுப்பு மொட்டு, அதாவது ஸ்டைலஸ். இந்த இரட்டைப் பேனாவைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் குறைவு. உரக் கம்பெனியோ இன்சூரன்ஸ்காரரோ டயரியோடு சேர்த்துக் கொடுப்பார்கள், வீட்டுப் பிள்ளைகள் கழற்றி விளையாடும், அதோடு அதன் ஆயுள் முடியும். நான் சில வருடங்களாக இதைக் காசு கொடுத்தே வாங்கித் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பளபளப்பைப் பார்க்காதீர்கள். ரீஃபில் தீர்ந்தால் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா, ஸ்டைலஸ் முனை தேய்ந்தால் கழற்றி வேறு மாட்ட முடியுமா, இந்த இரண்டையும் கேளுங்கள். இரண்டும் உண்டென்றால் பேனா வருடக்கணக்கில் ஓடும். ஒன்று இல்லையென்றாலும் அது சில மாதச் சமாச்சாரம்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) எடுக்கும் சின்னக் கடை எனக்கு. எடை போட்டவுடன் கார்பன் வைத்த பில் புத்தகத்தில் எழுத வேண்டும். அதே நேரம் போனில் கோட்டயம் சந்தையின் ஆர்எஸ்எஸ்-4 (புகை போட்ட ரப்பர் ஷீட்டின் ஒரு தரம்) விலையைப் பார்க்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், பணம் அனுப்ப வேண்டும். புகை போட்ட ஷீட்டை நாலைந்து புரட்டினாலே விரலெல்லாம் கரியும் பிசுக்கும். ஒட்டுப்பால் தொட்ட கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்த வாடை சோப்புக்கும் போகாது. அந்தக் கையோடு திரையைத் தொட்டால் பாதி நேரம் பதியாது, பதிந்தாலும் கண்ணாடி முழுக்க அழுக்கு. கையில் எப்படியும் பேனா இருக்கிறது. அதைத் திருப்பித் தட்டினால் வேலை ஆச்சு.

என்னைவிட இதை மெச்சியவர்கள் பால் வெட்டும் பெரியவர்கள். வருடக்கணக்காகக் கத்தி பிடித்த கையில் விரல்நுனி காய்த்துப் போயிருக்கும். தடித்துக் காய்ந்த தோல் வழியாக மின்சாரம் சரியாகக் கடக்காது; அது விரல் என்றே திரைக்குத் தெரியாது. ரகசிய எண்ணைப் போட நாலு தடவை குத்திப் பார்த்துவிட்டு, “எனக்க விரல அதுக்குக் கண்டூடாது போலடே, நீ அந்தப் பேனாவ இங்க தா” என்பார் ஒருவர். அவரிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ரகசிய எண்ணை அடுத்தவன் கையால் போடாமல் அவரே போட்டுக்கொள்கிறார் அல்லவா, எனக்கு அது பெரிய விஷயம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் வாங்குவது சுலபம். பழைய தொடுதிரைகள் அழுத்தத்தில் இயங்கின. நகத்தாலும் குச்சியாலும் தொடலாம். 2007இல் ஐபோன் வந்த பிறகு நாம் எல்லோரும் பயன்படுத்துவது கெப்பாசிட்டிவ் திரை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தி வலை ஒன்று இருக்கிறது. விரல் பக்கத்தில் வந்தால் அங்கே மின்புலம் லேசாக மாறும், அந்த மாற்றத்தைத்தான் போன் ‘தொட்டார்’ என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே சாதாரண ஸ்டைலஸ் தானாக எதையும் செய்வதில்லை. உங்கள் உடம்பைத் திரை வரை நீட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். முனையிலிருந்து பேனா உடம்பு வழியாக உங்கள் கை வரை மின்சாரம் கடக்க வேண்டும். நடுவில் பிளாஸ்டிக் வந்தால் தொடர்பு அறுந்துபோகும்.

இலவசப் பேனாக்கள் பலவும் தோற்பது இங்கேதான். உடம்பு பிளாஸ்டிக், மேலே உலோகம் மாதிரி ஒரு பூச்சு. பூச்சு புதிதாக இருக்கும்வரை வேலை செய்யும். கை வியர்வையில் அது உரிய உரிய, ஸ்டைலஸும் மக்கர் பண்ண ஆரம்பிக்கும். பித்தளை, அலுமினிய உடம்பில் இந்தத் தொல்லை இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பிடிக்கும் இடத்தில் மெத்தென்று ரப்பர் உறை போட்டிருப்பார்கள். எழுதச் சுகமாக இருக்கும், ஆனால் திருப்பிப் பிடிக்கும்போது விரல் அந்த உறை மேல் மட்டும் பட்டால் திரை கேட்காது.

ஸ்டைலஸ் முனை ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று கேட்பார்கள். சின்னப் புள்ளி மாதிரி எதுவும் பட்டால் அதை விரலாக எடுத்துக்கொள்ளாத விதத்தில்தான் திரைகள் அமைந்திருக்கின்றன. அதனால் முனை ஐந்தாறு மில்லிமீட்டராவது அகலம் வேண்டும். இதில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. எல்லோரும் பார்த்திருப்பது உள்ளே பொள்ளலான ரப்பர் மொட்டு. (ரப்பர் என்கிறோமே தவிர அது சிலிக்கோன். நம்ம ஊர்ப் பாலுக்கும் அதற்கும் சொந்தம் இல்லை.) விலை மலிவு, திரைக்கும் சாது. ஆனால் பிசுபிசுப்பான இடத்தில் தூசியை எல்லாம் வாரிக்கொள்ளும், அப்புறம் வழுக்காது, இழுத்து இழுத்து நிற்கும். கொஞ்ச நாளில் நுனியில் கீறல் விழுந்து கிழியும். என் கடை மாதிரி இடத்துக்கு அது லாயக்கில்லை.

இரண்டாவது, மின்கடத்தும் நூலில் நெய்த வலை முனை. எனக்குப் பிடித்தது இதுதான். கண்ணாடியில் லேசாக வழுக்கும், அழுத்தவே வேண்டாம், தூசியும் குறைவாகத்தான் ஒட்டும். ரப்பர் மொட்டைவிடப் பல மடங்கு காலம் தாங்கியது. நூல் பிரிய ஆரம்பித்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். திருகிக் கழற்றும் வகையாகப் பார்த்து வாங்கியதால் முனையை மட்டும் ஆன்லைனில் எடுத்து மாற்றிக்கொண்டேன், பேனா அதே பேனாதான். மூன்றாவது, தெளிந்த பிளாஸ்டிக் தட்டு முனை. எங்கே தொடுகிறோம் என்று அதன் வழியே பார்க்கலாம், சின்ன எழுத்துக்கு நல்லது. ஆனால் கண்ணாடியில் டிக் டிக் என்று தட்டும். தட்டுக்கு அடியில் மணல் துகள் சிக்கினால் இழுக்கிற இழுப்பில் திரையில் கோடு விழும். மணலின் சிலிக்கா போன் கண்ணாடியைவிடக் கடினம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி பேனா. எல்லோரும் ஸ்டைலஸை மட்டும் சோதித்து வாங்குகிறார்கள், ஆனால் நாள் முழுக்க வேலை பார்ப்பது பேனாதான். கார்பன் பில்லுக்கு ஜெல் பேனா ஆகாது. அதை அழுத்தி எழுத முடியாது, அடிப் பிரதியில் எழுத்து விழாது. பால்பாயிண்ட்தான் வேண்டும். ஒல்லியான இரட்டைப் பேனாக்களில் பெரும்பாலும் 67 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டி ரீஃபில் இருக்கும். அதில் மை ரொம்பக் குறைவு, பில் எழுதுகிறவனுக்குச் சீக்கிரம் தீரும். தீர்ந்த பிறகு குலசேகரத்தில் கேட்டால் கடைக்காரர் நம்மை வேற்றூர்க்காரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். மார்த்தாண்டத்தில் தேடி, நாகர்கோவிலில் தேடி, கடைசியில் தபாலில் வரவழைக்க வேண்டும். கொஞ்சம் தடித்த பேனாவாக, பார்க்கர் மாதிரி 98 மில்லிமீட்டர் ரீஃபில் போகிறதாக எடுத்தால் அந்தக் கவலை இல்லை. ஓரளவு பெரிய எழுதுபொருள் கடை எதிலும் அது இருக்கும்.

பேனா முனையை வெளியே எடுக்கும் விதமும் முக்கியம். திருகி எடுக்கும் பேனாக்களில் சில, கார்பனுக்காக அழுத்தும்போது மெல்ல உள்ளே போய்விடும். பில்லில் பாதி எண்ணுக்கு மை இருக்காது. மேல்பக்கம் அழுத்தும் பேனா உறுதியாக நிற்கும், ஆனால் அழுத்தும் குமிழே ஸ்டைலஸாக இருந்தால் திரையைத் தட்டும்போதெல்லாம் பேனா முனை வெளியே வந்து உள்ளங்கையில் கோலம் போடும். ரொம்ப மோசமானது, ரப்பர் வளையத்தின் நடு ஓட்டை வழியாகவே பேனா முனை வரும் வகை. மை முனை வெளியே இருப்பதை மறந்து என் கடைப் பையன் ஒரு வாடிக்கையாளர் போனில் எண்ணைத் தட்டிவிட்டான். மை துடைத்தால் போய்விட்டது, கோடு போகவில்லை. இந்தப் பேனாக்களின் நுனிக் குண்டு பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு, கண்ணாடியைவிட எத்தனையோ கடினம். நான் வைத்திருப்பது திருகும் வகைதான், ஆனால் திருகு இறுக்கமானதாகப் பார்த்து எடுத்தது.

நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. அதனால் ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நனைந்த திரையில் எந்தச் சாதாரண ஸ்டைலஸும் உருப்படியாக வேலை செய்யாது. தண்ணீரும் மின்கடத்தி என்பதால் போன் குழம்பிப்போகும். வலை முனை நனைந்தால் காயும்வரை விட்டுவிடுங்கள். குளச்சலில் மீன் ஏலக் கணக்கு எழுதும் என் மைத்துனனும் இதே பேனாவை வாங்கினான். என்னுடையது இன்னும் மினுங்குகிறது, அவனுடையதன் கிளிப் கடல் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சட்டைப் பையில் கறை விட்டது. அவனுக்குத் துருப்பிடிக்காத எஃகு கிளிப் உள்ள பேனாதான் சரி.

தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டிய போனில் ஸ்டைலஸ் மந்தமாகத் தெரிந்தால், பேனாவைக் குறை சொல்லுமுன் அமைப்புகளில் தொடு உணர்திறனைக் கூட்டிப் பாருங்கள். சாம்சங் போன்கள் பலவற்றில் அந்த வசதி உண்டு. எனக்கு அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

டேப்லெட்டில் குறிப்பெடுக்க, படம் வரைய வேண்டுமென்றால் இந்த வகைப் பேனாவை மறந்துவிடுங்கள். நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போகும் என் மகள் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உள்ளங்கையைத் திரையில் வைத்தால் அதுவும் விரல் என்று டேப் நினைக்கிறது, எழுத்து குழந்தை கிறுக்கின மாதிரி வருகிறது. அதற்குத்தான் தனிப் பேனாக்கள். 2015இல் வந்த ஆப்பிள் பென்சில் ஐபேடுக்கு மட்டும், ஐபோனில் ஓடாது. சாம்சங்கின் எஸ் பென் எழுதுவதற்கு பேட்டரி தேவையில்லை, ஆனால் அதற்கென்று அமைந்த திரையில்தான் எழுதும். இரண்டிலும் மை கிடையாது. பில்லும் எழுத வேண்டும், போனையும் தட்ட வேண்டும் என்கிற என் மாதிரி ஆளுக்கு இவை உதவாது.

வாங்கப் போகும்போது உங்கள் போனையே கொண்டுபோங்கள், டெம்பர்டு கிளாஸோடு. பேனாவை ரப்பர் உறை உள்ள இடத்தில் ஒரு தடவை, உலோகத்தில் ஒரு தடவை பிடித்து எண் பலகையில் தட்டிப் பாருங்கள். கார்பன் வைத்து ஒரு தாளில் அழுத்தி எழுதி, முனை உள்ளே போகிறதா என்று பாருங்கள். ரீஃபிலை வெளியே எடுத்து, அதே அளவில் வேறொன்று கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போங்கள், மார்த்தாண்டத்தில் பேனாக் கடைக்கா பஞ்சம்.