போலந்து திருப்பயணம்: பேருந்துக் குழுவா, ரயிலா, நடையா?

போலந்துக்குத் திருப்பயணம் போகிறோம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "செஸ்டகோவாவில் இரவு தங்குகிறீர்களா?" என்றுதான். உடனே பயணத் திட்டத்தை எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் அதில் அப்படி ஒரு இரவு இருக்காது. காலையில் வார்சாவிலிருந்து கிளம்பி, போகிற வழியில் செஸ்டகோவா மடத்துக் கோயிலில் மாதா படத்தைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் கிராக்கோவ் போய்ச் சேர்வதாக இருக்கும்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை எங்கள் பங்கிலிருந்து பேருந்துக் குழுவாக, ஃபாதரையும் சேர்த்து 38 பேர், ஒன்பது நாள். அடுத்த முறை அக்கா, அத்தானோடு மூன்று பேராக ரயிலில். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: ஆகஸ்ட் மாதத்தில் அந்த நாட்டு மக்களோடு சேர்ந்து செஸ்டகோவாவுக்கு நடப்பது. நான் அப்படி நடந்ததில்லை. நடந்து வந்தவர்கள் வந்து சேர்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மூன்றில் எது யாருக்கு என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செஸ்டகோவாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். ஊருக்கு நடுவே உள்ள குன்றின் பெயர் யஸ்னா கூரா, ஒளிமலை என்று பொருள். 1382-ல் பவுலின் சபைத் துறவியர் அங்கே மடம் அமைத்தார்கள். கறுத்த முகத்து மாதா படம் அந்த மடத்துச் சிற்றாலயத்தில் இருக்கிறது. வலது கன்னத்தில் இருக்கும் தழும்புகள் 1430-ல் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள் வெட்டியவை. 1655-ல் ஸ்வீடன் படை முற்றுகையிட்டபோது இந்த மடம் விழவில்லை. அடுத்த ஆண்டே அரசர் யான் கசிமிர் மாதாவைப் போலந்தின் அரசியாக அறிவித்தார். அந்த நாட்டுக்கு இந்தக் குன்று எவ்வளவு பெரியது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் படம் நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. காலை ஆறு மணிக்கு எக்காளமும் முரசும் முழங்க, வெள்ளித் திரை மெல்ல மேலே ஏறும். நண்பகலில் மறுபடி மூடிவிடுவார்கள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு 'அப்பெல்' என்கிற மாதா வணக்கம். நாடு முழுக்கத் தெரிந்த செபம் அது.

எங்கள் பேருந்து போய் நின்றது பன்னிரண்டே காலுக்கு. திரை மூடியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து, கூட்டத்தோடு கூட்டமாக இருபது நிமிடம் நின்று பார்த்தோம். நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்றார் ஏற்பாட்டாளர். அவர் அவசரத்திலும் நியாயம் இருந்தது. ஐரோப்பிய விதிப்படி பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. தவறு ஓட்டுநர் மேலே இல்லை, திட்டம் போட்டவர் மேலே. குழுவில் இருந்த ஒரு பாட்டி பேருந்தில் ஏறிய பிறகும் சன்னல் வழியாகக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். 106 மீட்டர் உயரக் கோபுரம், நெடுந்தூரம் கண்ணிலிருந்து மறையாது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

ரயிலில் போனபோது மடத்தை ஒட்டியுள்ள திருப்பயணிகள் இல்லத்தில் இரண்டு இரவு எடுத்தோம். ரயில் நிலையத்திலிருந்து மாதா பெயரிலேயே உள்ள அகலமான மர நிழல் சாலை நேரே குன்றுக்குப் போகிறது, சுமார் இரண்டு கிலோமீட்டர். அதில் நடந்து போவதே ஒரு தயாரிப்பு. (ஸ்ட்ராடோம் என்று இன்னொரு நிலையமும் அங்கே உண்டு. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) காலை ஐந்தரைக்குச் சிற்றாலயம் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. வேலைக்குப் போகும் சீருடையில் ஒரு செவிலியர், கைப்பையை மடியில் வைத்திருந்த வயதான பெண்கள், தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அப்பா. எக்காளம் ஒலித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்காலில். பிறகு பீடத்தைச் சுற்றி முழந்தாளிட்டே நகர்ந்து போகிறார்கள். முட்டி வலிக்காரியான அக்காவும் போனாள். சுவர் முழுக்க நேர்ச்சைப் பொருட்கள்: ஊன்றுகோல்கள், செபமாலைகள், பதக்கங்கள். வேளாங்கண்ணி காணிக்கைக் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். 1981-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுடப்பட்டபோது கட்டியிருந்த இடைக்கச்சையும், குண்டு துளைத்த ஓட்டையோடு, அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் ரயில்தானா? இல்லை. பேருந்துக் குழு எனக்குக் கொடுத்த ஒன்றை ரயில் கொடுக்கவே இல்லை.

அது தமிழ்த் திருப்பலி. கிராக்கோவின் வாகியெவ்னிகியில் புனித பவுஸ்தினா வாழ்ந்த மடத்தில், முன்பதிவு செய்த ஒரு சிற்றாலயத்தில் எங்கள் ஃபாதர் தமிழில் திருப்பலி வைத்தார். மூன்று மணிக்கு எல்லோரும் சேர்ந்து இறை இரக்கச் செபமாலையைத் தமிழில் சொன்னோம். நம் வீடுகளில் மாட்டியிருக்கும், நெஞ்சிலிருந்து இரண்டு கதிர்கள் பாயும் இயேசு படத்தின் ஊர் அது. முதல் படம் 1934-ல் வில்னியூசில் வரையப்பட்டது என்றாலும், உலகம் முழுக்கப் பரவியது வாகியெவ்னிகியில் உள்ள, அடால்ஃப் ஹிவா வரைந்த படம்தான். அந்தப் படத்துக்குக் கீழேயே பவுஸ்தினாவின் திருப்பண்டங்கள் இருக்கின்றன. 1938 அக்டோபர் 5-ல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 33. மடத்தில் சமையலும் தோட்டமும் வாசல் காவலுமாக இருந்த ஒரு அருட்சகோதரி. அவர் எழுதி வைத்த செபத்தை அவர் காலடியிலேயே நம் மொழியில் சொல்வது தனியாகப் போனால் கிடைக்காது. அடுத்த முறை மூன்று பேராக அதே இடத்தில் அதே மணிக்கு நின்றபோது, சுற்றிலும் போலிஷ் மொழியில் செபம் ஓட, நாங்கள் உதட்டுக்குள் முணுமுணுத்தோம். அதுவும் செபம்தான். ஆனாலும் 38 குரல் இல்லை.

ஒன்று கவனியுங்கள்: குழுக்களை நேரே பெரிய பசிலிக்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். 2002-ல் திருத்தந்தை அர்ச்சித்த, கப்பல் வடிவிலான புதுக் கோயில் அது. மேலே சொன்ன படமும் கல்லறையும் பக்கத்தில் உள்ள பழைய மடத்துச் சிறிய கோயிலில்தான். அங்கே நேரம் கேட்டு வாங்குங்கள்.

குழுவின் மற்ற வசதிகளும் சின்னவை அல்ல. ஷெங்கன் விசாவுக்கான தங்குமிடச் சான்று, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார். பெட்டி தூக்க வேண்டாம். எழுபது தாண்டியவர்களுக்கு இதுவே பெரிய விஷயம். வார்சாவைச் சுற்றியும் பேருந்துதான் கை கொடுக்கிறது. மேற்கே நாற்பது கிலோமீட்டரில் நியெபோகலனூவ், புனித மாக்சிமிலியன் கோல்பே 1927-ல் தொடங்கிய மடம். போருக்கு முன் 700-க்கும் மேற்பட்ட துறவியர் அங்கே அச்சகம் நடத்தினார்கள். (கோல்பே 1932-ல் எர்ணாகுளம் வரை வந்து, இங்கும் ஒரு மடம் தொடங்க இடம் தேடியவர். நம் பக்கத்தில் பலருக்கு இது தெரியாது.) ரயிலிலும் போகலாம், ஆனால் அரை நாள் போய்விடும்.

வார்சாவிலேயே குழுக்கள் விட்டுவிடுகிற ஒரு இடம் ஜோலிபோஷ் பகுதியில் உள்ள புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா கோயில். அருளாளர் யெர்சி போபியெவுஷ்கோவின் கல்லறை அந்தக் கோயில் வளாகத்தில் இருக்கிறது. தொழிலாளர்கள் பக்கம் நின்று, தாய்நாட்டுக்காகத் திருப்பலி வைத்த இளங்குரு. 1984 அக்டோபர் 19-ல் கம்யூனிஸ்ட் அரசின் ரகசியப் போலீஸ் அதிகாரிகள் அவரைக் கடத்திக் கொன்று, உடலை விஸ்துலா ஆற்று நீர்த்தேக்கத்தில் எறிந்தார்கள். கல்லறையைச் சுற்றிப் பெரிய கற்களால் ஒரு செபமாலை, போலந்தின் வரைபட வடிவில். எங்கள் முதல் பயணத்தில் இது இல்லை. அந்த நேரத்துக்குக் கடைவீதி இருந்தது. ரயிலில் போனபோது ஒரு மாலை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

கிராக்கோவ் நகருக்குள் பேருந்து தேவையே இல்லை. வார்சாவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம், அப்புறம் டிராமும் நடையும் போதும். வாவெல் பேராலயத்தின் நிலவறையில் புனித லியோனார்டு சிற்றாலயம் இருக்கிறது. 1946 நவம்பர் 2-ல் கரோல் வொய்திவா என்ற புதுக்குரு முதல் திருப்பலி வைத்த இடம். 32 ஆண்டு கழித்து அவர்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார். மேலே, 1079-ல் கொல்லப்பட்ட ஆயர் புனித ஸ்தனிஸ்லாசின் கல்லறை. பக்கத்திலேயே அரசி புனித யத்விகா. குழுவில் வழிகாட்டியின் குடையைப் பார்த்துக்கொண்டே ஓடினோம். தனியாகப் போனபோது அரசி கல்லறைக்கு முன்னால் நினைத்த நேரம் வரை இருக்க முடிந்தது.

அவர் பிறந்த வடோவிட்சேவுக்கும், சிலுவைப்பாதைத் தலமான கல்வாரியாவுக்கும் குழு, தனிப்பயணம் இரண்டு வழியுமே சரிதான். கிராக்கோவிலிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டர், உள்ளூர்ப் பேருந்து உண்டு. ஆனால் கல்வாரியா செப்ஷிடோவ்ஸ்காவை ஒரு மணி நேரத்தில் முடிக்கும் திட்டத்தை ஏற்காதீர்கள். 1600-ல் தொடங்கி, எருசலேமை மனதில் வைத்து மலைச்சரிவில் பரப்பிக் கட்டிய சிற்றாலயங்கள் நாற்பதுக்கும் மேல். அது நடந்து செய்யும் சிலுவைப்பாதை, அரை நாளாவது வேண்டும். அம்மா 1929-ல் இறந்ததும் அப்பா சிறுவன் கரோலை அழைத்துப் போனது அங்கேதான்.

அடுத்து, எனக்கு மிகவும் மனம் நொந்த விஷயம். பல குழுத் திட்டங்களில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமும் வியெலிச்கா உப்புச் சுரங்கமும் ஒரே நாளில் வருகின்றன. காலையில் கோல்பே இறந்த 11-ஆம் கட்டடத்தின் 18-ஆம் எண் அறை. ஒரு கைதி தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தபோது, மனைவி மக்களை நினைத்துக் கதறிய பிரான்சிஷேக் கயோவ்னிச்செக் என்பவருக்குப் பதிலாகத் தானே முன்வந்தவர் அவர். இரண்டு வாரம் கழித்தும் உயிர் இருந்ததால் 1941 ஆகஸ்ட் 14-ல் விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். காப்பாற்றப்பட்டவர் 1982-ல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்த திருப்பலியில் கலந்துகொண்டு, 1995 வரை வாழ்ந்தார். இதைக் கேட்டுவிட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் யூதர்கள், கொல்லப்பட்ட அந்த மண்ணை மிதித்துவிட்டு வந்த யாருக்கும் அன்று மாலை வேறு எதையும் பார்க்க மனம் வராது. எங்கள் பேருந்தில் யாரும் பேசவில்லை. ஆனாலும் சுரங்கத்துக்குள் இறங்க வைத்தார்கள். உப்பிலேயே குடைந்த புனித கிங்கா கோயில், நூறு மீட்டர் ஆழத்தில், சரவிளக்குகூட உப்பு. அவ்வளவு அழகு, யார் கண்ணிலும் பதியவில்லை. தொடக்கத்திலேயே சுமார் 380 படி இறங்க வேண்டும், வயதானவர்களுக்கு அதுவும் தனிச் சுமை. இரண்டும் வெவ்வேறு நாளில்தான் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் ரயில் வழி தெளிவாக மேல்.

நடைக்கு வருவோம். 1711-ல் கொள்ளைநோய்க் காலத்து நேர்ச்சையாகத் தொடங்கிய வார்சா நடைப்பயணம் ஆகஸ்ட் 6-ல் கிளம்பி 14-ல் யஸ்னா கூரா சேர்கிறது, ஒன்பது நாள். கிராக்கோவிலிருந்தும் நடக்கிறார்கள், ஆறு நாள். பெட்டிகளை லாரி சுமக்கும். இரவு கூடாரத்திலோ கிராமத்து வீட்டிலோ களத்துக் கொட்டகையிலோ படுக்கை. வழியில் ஊர்க்காரர்கள் சூப்பும் ரொட்டியும் பழச்சாறும் கொடுக்கிறார்கள். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்களுக்குக் கால் கொப்புளம் புதிதல்ல. ஒலிபெருக்கிப் பாட்டும் கொடியும் அங்கேயும் அப்படியே.

நாங்கள் ஆகஸ்ட் 13 முதல் 15 வரை அங்கே இருந்தோம். குழு குழுவாக வந்து, குன்றின் முன் திடலில் அப்படியே குப்புற விழுந்து வணங்கினார்கள். பாதி அழுகை, பாதி பாட்டு. என் முன்னால் ஒரு பையன் எழுந்திருக்கவே இல்லை. நண்பர்கள் அவனைச் சுற்றிக் காத்து நின்றார்கள். வெறுங்கையோடு ரயிலில் வந்திறங்கிய எனக்கு அப்போது கொஞ்சம் ஏக்கமாக இருந்தது. உடம்பில் தெம்பும், மொழி புரியாத கூட்டத்தில் ஒன்பது நாள் இருக்கும் மனமும் உள்ள இளைஞர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம். மாதாவைப் பார்ப்பதற்கு முன் நாட்டைக் கால்களால் அறிந்துவிடுவார்கள். ஆனால் வாகியெவ்னிகிக்கும் வாவெலுக்கும் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். அந்த வாரத்தில் செஸ்டகோவாவில் அறை கிடைப்பது அரிது, நாங்கள் ஏழு மாதத்துக்கு முன்பே பதிந்தோம். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு மே, செப்டம்பர் மாதங்கள் இதமானவை.

வயதானவர்களும் முதல்முறை வெளிநாடு போகிறவர்களும் ஃபாதரோடு பேருந்துக் குழுவில் போங்கள், திட்டத்தை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, ஆங்கிலத்தில் ஓரளவு சமாளிப்பீர்கள் என்றால் ரயில். அதில் குருவும் ஒருவராக இருந்துவிட்டால் இரண்டு வழியின் நன்மையும் உங்களுக்கே. குருவுக்குரிய அடையாளச் சான்றை அவர் கையோடு கொண்டு வந்தால் போதும், பலிபீடம் கேட்டுப் பெறலாம்.

அடுத்த ஆண்டு எங்கள் பங்கிலிருந்து மறுபடி ஒரு குழு கிளம்புகிறது. அக்காவும் பேர் கொடுத்திருக்கிறாள். ஏற்பாட்டாளரிடம் ஃபாதரும் நாங்களுமாகப் போய் இரண்டு மாற்றம் கேட்டோம்: செஸ்டகோவாவில் ஒரு இரவு, ஆஷ்விட்ஸ் போகும் நாளில் வேறு எதுவும் கூடாது. முதலாவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டாவதற்குச் சுரங்கத்தை விட வேண்டியிருக்கும் என்கிறார். விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறோம்.