நெருங்கிய இணையும் விலகிய இணையும்

லூய்ட்டன் 726-8 இணையில், தலா சூரிய நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கொண்ட இரு செங்குறு விண்மீன்கள் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்கள்) சுமார் 26.5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அவற்றின் சராசரி இடைவெளி சூரியனுக்கும் வியாழனுக்கும் உள்ள தொலைவைவிடச் சற்றே அதிகம். 2007-இல் அறிவிக்கப்பட்ட 2மாஸ் ஜே0126 இணையின் நிறையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இடைவெளியோ பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் ஏறத்தாழ 5,100 மடங்கு. ஒரு சுற்றுக்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதால் சுற்றுப்பாதையை அளக்க வழியில்லை. இரண்டும் வானில் ஒருசேர நகர்வதே பிணைப்புக்குச் சான்று.

சுற்றுப்பாதையைக் கொண்டு நிறையை நேரடியாகக் கணிக்க முதலாவதே கைகொடுக்கும். விண்மீன்களின் பிறப்பை ஆராய்வோருக்கு, என் மதிப்பில், இரண்டாவதே பெறுமதியானது: முதலாவதன் பிணைப்பாற்றலில் (இரண்டையும் பிரிக்கத் தேவையான ஆற்றலில்) ஆயிரத்தில் ஒரு பங்களவே உடைய இவ்விணை, இத்தகைய சிறு விண்மீன்கள் தம் பிறப்பிடத்திலிருந்து வீசியெறியப்பட்டவை என்னும் கருதுகோளுக்கு இடறலாக நிற்கிறது, அவ்வாறு எறியப்பட்டிருந்தால் இவ்வளவு தளர்ந்த பிணைப்பு அப்போதே அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.