நீதிமன்றப் படியா, மருந்து அலமாரியா?

2001 மார்ச் மாதம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா உயர் நீதிமன்ற வாசலில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று அச்சிட்ட வெள்ளைச் சட்டைகளோடு ஒரு கூட்டம் நின்றது. ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற, எச்.ஐ.வி. மருந்துக்காகப் போராடும் மக்கள் அமைப்பு, சுருக்கமாக டி.ஏ.சி., திரட்டிய கூட்டம் அது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2012 இறுதியில், அதே அமைப்பினரும் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பினரும் கிழக்கு கேப் மாகாணத்தின் உம்தாத்தா மருந்துக் கிடங்குக்குள் இறங்கி, பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் வேலையில் உதவிக்கொண்டிருந்தார்கள். முன்பு மருந்தின் விலை எட்டவில்லை. இப்போது விலை மலிந்துவிட்டது, அரசே இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் மாத்திரை கிடங்கைத் தாண்டவில்லை.

ஆப்பிரிக்காவில் அத்தியாவசிய மருந்துக்காகப் போராடும் மக்கள் அமைப்புகளின் முன்னால் இன்றும் இருக்கும் கேள்வி இதுதான்: இருக்கிற கொஞ்சம் பணத்தையும் ஆட்களையும் வழக்கில் போடுவதா, கிளினிக் அலமாரியை எண்ணுவதில் போடுவதா? அரசையும் மருந்து நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசுவது என்று மூன்றாவது வழியும் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன். சொல்ல அதிகம் இல்லை.

வழக்கின் பலம்

1997இல் மண்டேலா அரசு, மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழிவிடும் சட்டத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. மருந்து உற்பத்தியாளர் சங்கமும் சுமார் 40 நிறுவனங்களும் 1998இல் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. அப்போது ஒரு நோயாளிக்கு எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகும். வழக்கு விசாரணைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்னால், இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே வகைக் கூட்டு மருந்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு பழைய விலையை நியாயப்படுத்துவது யாருக்கும் எளிதாக இல்லை. நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக டி.ஏ.சி. உள்ளே நுழைந்தது, 2001 ஏப்ரல் 19 அன்று நிறுவனங்கள் வழக்கை வாபஸ் வாங்கின.

இந்தக் கதையை வழக்கறிஞர்களின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அதற்கு முன்பே, 2000 அக்டோபரில், டி.ஏ.சி. தாய்லாந்திலிருந்து ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மருந்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டே, காப்புரிமையை மீறிக் கொண்டுவந்திருந்தது. அங்கே வாங்கிய மாத்திரையின் விலை, தென்னாப்பிரிக்க நாணயத்தில், 2 ராண்டுக்கும் குறைவு. தென்னாப்பிரிக்கத் தனியார் கடையில் ஃபைசரின் அதே மருந்து ஒன்று 80 ராண்டு. இந்த இரண்டு எண்களைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. வழக்கு நடந்தது நீதிமன்றத்தில் என்றாலும், அதைப் பாதி முடித்துவைத்தது இந்த விலைச் சீட்டுதான்.

சட்டமே பூட்டாக இருக்கும் இடத்தில் வழக்கைத் தவிர வேறு சாவி இல்லை என்பதற்குக் கென்யா நல்ல உதாரணம். 2008இல் அங்கே போலிப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. 'போலி' என்பதற்கு அதில் கொடுத்த விளக்கம் அகலமாக இருந்ததால், முறையான ஜெனரிக் மருந்தும் (அதே மருந்தை வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பது) அதில் மாட்டிக்கொள்ளும் நிலை. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் மூன்று பேர் 2009இல் மனுப் போட்டார்கள். 2010இல் இடைக்காலத் தடை. 2012 ஏப்ரல் 20 அன்று நீதிபதி மும்பி ங்குகி, உயிர், கண்ணியம், உடல்நலம் ஆகிய உரிமைகள் அறிவுசார் சொத்துரிமைக்குக் கீழே வர முடியாது என்று தீர்ப்பளித்தார். இங்கே அலமாரியை எண்ணிக்கொண்டிருந்தால் என்ன பயன்? மலிவு மருந்து துறைமுகத்திலேயே நின்றுபோயிருக்கும்.

சென்னைக்கும் இந்தக் கணக்கில் ஒரு வரி உண்டு. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. பேச்சு ஒரு புற்றுநோய் மருந்தைப் பற்றியது. ஆனால் தங்கள் மாத்திரை எங்கே தயாராகிறது என்று தெரிந்த ஆப்பிரிக்க அமைப்புகள் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்தன.

தீர்ப்பு அலமாரிக்கு நடந்து வராது

தென்னாப்பிரிக்காவின் நெவிரபின் வழக்கு எல்லாருக்கும் பிடித்த வெற்றிக் கதை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைக் குறைக்கும் அந்த மருந்தை ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தருவதாகத் தயாரிப்பாளரே 2000இல் சொல்லிவிட்டார். அரசோ மாகாணத்துக்கு இரண்டு என 18 சோதனை மையங்களில் மட்டும் கொடுத்தது. 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. அதன் பிறகும் ம்புமலங்கா மாகாணம் இழுத்தடிக்க, டி.ஏ.சி. நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு மறுபடியும் படியேற வேண்டியிருந்தது.

உகாண்டாவில் கதை இன்னும் நீளம். பிரசவத்துக்குத் தேவையான அடிப்படைப் பொருட்கள்கூட அரசு மருத்துவமனையில் இல்லாததால் தாய்மார் இறக்கிறார்கள் என்று செஹுர்ட் என்ற உடல்நல உரிமை அமைப்பும் மற்றவர்களும் 2011இல் மனுப் போட்டார்கள். 2012இல், இது அரசியல் முடிவு, நாங்கள் தலையிட முடியாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், விசாரிக்கச் சொல்லி, அதைத் திருப்பி அனுப்பியது. சாதகமான தீர்ப்பு வந்தது 2020 ஆகஸ்டில். அத்தனை ஆண்டுகளும் பிரசவ வார்டுக்கு விடுமுறை விடவில்லை.

எண்ணும் வேலை

இதற்கு எதிர்முனையில் இருப்பது 'ஸ்டாக் அவுட்', அதாவது மருந்து தீர்ந்துபோவதைக் கண்காணிப்பது. 2009இல் கென்யா, உகாண்டா, மலாவி, ஸாம்பியா ஆகிய நாடுகளில் தொண்டர்கள் அரசு மருத்துவமனைகளுக்குப் போய், பட்டியலில் உள்ள மருந்து அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். அது வரைபடத்தில் புள்ளியாக விழுந்தது. அடுத்த வாரம் வாருங்கள் என்ற பதிலோடு பஸ் ஏறித் திரும்பிய எவருக்கும் இதன் அருமை புரியும். அந்தப் பதிலைக் கேட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார். அது எங்கேயும் பதிவாகாது.

தென்னாப்பிரிக்காவில் இது 2013இல் நிலையான ஏற்பாடாக மாறியது. டி.ஏ.சி., எல்லைகளற்ற மருத்துவர்கள், செக்‌ஷன்27 என்ற பொதுநலச் சட்ட அமைப்பு, கிராமப்புற மருத்துவர் சங்கம் முதலானவை சேர்ந்து தொடங்கிய திட்டம், நாடெங்கும் கிளினிக்குகளுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஓர் இடத்தில், அதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் ஏதோ ஓர் எச்.ஐ.வி. அல்லது காசநோய் மருந்து தீர்ந்துபோயிருந்தது. மருந்து நாட்டில் இல்லாததால் அல்ல. கிடங்கில் ஆள் இல்லை, கேட்புச் சீட்டு தாமதம், லாரி வரவில்லை என்று அற்பக் காரணங்கள். உம்தாத்தா கிடங்கையே நம்பிச் சுமார் 300 மருத்துவ நிலையங்கள் இருந்தன. அங்கே வேலைநிறுத்தமும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டபோது அத்தனையும் தடுமாறின. இதை எந்த நீதிபதியால் ஒரே உத்தரவில் சரிசெய்ய முடியும்?

இந்த வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். எண்ணிக்கொண்டே இருக்கலாம், அமைச்சகம் நன்றி சொல்லி அறிக்கையைக் கோப்பில் வைத்துவிடலாம். 'இல்லை' என்று சொன்ன நர்ஸுக்கு மேலதிகாரியிடமிருந்து ஓலை வரலாம். புள்ளிகள் நிறைந்த வரைபடம் பார்க்க அழகாக இருக்கும். அதற்குப் பின்னால் வழக்குக்குப் போகும் பல் இருந்தால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

மேசைப் பேச்சு: பிரிட்டன் அரசின் உதவியோடு 2008இல் தொடங்கிய மருந்து வெளிப்படைத்தன்மைக் கூட்டணி கானா, உகாண்டா, ஸாம்பியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் அரசு, நிறுவனங்கள், மக்கள் அமைப்புகள் மூன்றையும் கூட்டியது. விலை, தரம், இருப்பு பற்றிய தகவல்களை வெளியே கொண்டுவருவது நோக்கம். தகவல் கிடைக்கும், அறிமுகங்கள் கிடைக்கும், அவை தேவையும்தான். ஆனால் கையில் எண்ணிக்கையும் வழக்கும் இல்லாமல் அந்த மேசைக்குப் போகிறவருக்குத் தேநீர் மட்டும்தான் நிச்சயம்.

என் தேர்வு

ஜெனரிக் மருந்தை மறிக்கும் சட்டம் வந்துவிட்டதா? யோசிக்காமல் வழக்கறிஞரிடம் ஓடுங்கள். கென்யர்கள் செய்தது அதுதான். மற்ற எல்லா நிலைகளிலும் முதல் பணத்தை நான் அலமாரியில்தான் போடுவேன். காரணம் நெவிரபின் வழக்கிலேயே இருக்கிறது. 18 மையங்களுக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளாலும் இந்த மருந்தைக் கொடுக்க முடியும் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்தவர்கள், தினமும் அந்த வார்டுகளில் நின்ற மருத்துவர்கள். அரசின் 'திறன் போதாது' என்ற வாதம் அங்கேதான் ஆட்டம் கண்டது.

எனவே ஒரு மாவட்டம், இருபது கிளினிக், பத்து மருந்து. மாதத்தில் ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்து, தேதியும் இருப்பும் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட்ட தாள்கள். தகவல் சொன்ன நர்ஸின் பெயர் அதில் வேண்டாம். ஓர் ஆண்டுத் தாள்கள் சேர்ந்த பிறகு அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் கிடங்கு மேலாளரைப் பார்க்கலாம். அவர் கதவைத் திறக்காவிட்டால் வழக்கறிஞரை.